ஆபரேஷன் தேதி கிடைத்த அன்றே கேட்டிருக்க வேண்டியவை

2025 பிப்ரவரி 12-ம் தேதி மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அம்மாவுக்கு வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, அம்மா இப்போது கைத்தடி இல்லாமல் தெருமுனைக் கடைவரை நடந்து போய் வருகிறார். அந்தக் குறை எதுவும் எனக்கு இல்லை. நான் எழுத வந்தது பணத்தைப் பற்றி. காப்பீடு இருக்கிறது, கையிலிருந்து பத்தாயிரம் போனால் அதிகம் என்று நினைத்துப் போனவள், கடைசியில் 1,44,500 ரூபாய் செலவழித்துவிட்டு வந்தேன். அதில் பெரும்பகுதி போயிருக்கவே வேண்டாம் என்பதுதான் இன்றுவரை ஆறவில்லை. அப்பா இல்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை, மானாமதுரையில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். யாராவது ஒருவர் முன்னாடியே இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும்.

அம்மா சத்துணவு மையத்தில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். தரையில் உட்கார்ந்து காய் நறுக்கியும் பாத்திரம் தூக்கியும் தேய்ந்த மூட்டு. 2020 நவம்பரில் அவருக்கு 3 லட்சம் ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடு எடுத்தேன். மூட்டு மாற்று சிகிச்சைக்கு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும் என்று அதில் இருந்தது, அந்தக் காலமும் முடிந்துவிட்டது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் போக முடியவில்லை. குடும்ப அட்டை என் பெயரோடு சேர்ந்தே இருக்கிறது, என் சம்பளத்தைச் சேர்த்தால் ஆண்டு வருமானம் 1,20,000-ஐத் தாண்டிவிடும். அந்த வரம்புக்குள் இருப்பவர்கள் தனியாரிடம் விலை கேட்பதற்கு முன்னால் வருமானச் சான்றையும் குடும்ப அட்டையையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் அந்தத் திட்டத்தின் மையத்துக்குப் போய் விசாரித்துவிடுங்கள்.

டாக்டரைப் பார்த்தோம். எக்ஸ்ரேயைப் பார்த்ததும் "இதுக்கு மேல தள்ளிப்போடாதீங்கம்மா" என்றார். வெளியே வந்ததும் ஒரு துண்டுச் சீட்டில் "பேக்கேஜ் 2,40,000" என்று எழுதிக் கொடுத்தார்கள். என்னிடம் 3 லட்சம் காப்பீடு, அவர்கள் கேட்பது 2,40,000. சரி, பிரச்சினை இல்லை என்று நிம்மதியாக பஸ் ஏறினேன். அந்தச் சீட்டில் எந்த அறை, எந்த இம்ப்ளாண்ட் (தேய்ந்த மூட்டுக்குப் பதிலாக உள்ளே வைக்கும் செயற்கை மூட்டு), யாருடைய ஃபீஸ் என்று எதுவுமே இல்லை. கேட்க எனக்கும் தோன்றவில்லை. அன்றைக்கு நாங்கள் வெளியே நின்றுகொண்டிருந்தவர்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த மருத்துவமனைக்குப் போகலாம். கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லியிருப்பார்கள். அம்மா கட்டிலில் படுத்த பிறகு எனக்கு அந்தப் பலம் இல்லாமல் போய்விட்டது.

முதலில் நஷ்டமானது டெஸ்ட் பணம். ஜனவரி 3-ம் தேதி ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, எக்கோ, மார்பு எக்ஸ்ரே எல்லாம் சேர்த்து 6,200 ரூபாய் கட்டினேன். ஆபரேஷன் ஜனவரி 22 என்று குறித்திருந்தார்கள். சிறுநீரில் கிருமித்தொற்று இருப்பது தெரிந்ததும், அது தீராமல் மூட்டில் கை வைக்க முடியாது என்று மூன்று வாரம் தள்ளிப்போட்டார்கள். அது சரியான முடிவுதான், தொற்று புது மூட்டுக்குப் பரவினால் எல்லாம் பாழ். ஆனால் என் பாலிசியில் அட்மிஷனுக்கு முந்தைய 30 நாள் செலவை மட்டுமே திருப்பித் தருவார்கள். தேதி தள்ளிப்போனதில் அந்த 6,200-ம் கணக்குக்கு வெளியே போய்விட்டது. பிப்ரவரியில் மறுபடி எடுத்த 3,200 மட்டும்தான் பிறகு திரும்பி வந்தது. உங்கள் பாலிசியில் அது 30 நாளா 60 நாளா என்று பாருங்கள். சிறுநீர்ப் பரிசோதனை, சர்க்கரை மாதிரி தேதியைத் தள்ளிப்போட வைக்கக்கூடிய சின்ன டெஸ்ட்களை முதலில் எடுத்துக்கொண்டு, விலை கூடிய எக்கோ போன்றவற்றை தேதி உறுதியான பிறகு எடுக்கலாமா என்று டாக்டரிடமே கேட்கலாம்.

அடுத்தது ஒரே ஒரு சொல்லால் வந்த வினை. காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் அனுமதிக்கான படிவத்தை நிரப்பும்போது ஜூனியர் டாக்டர் அம்மாவிடம் "எத்தனை நாளா வலி?" என்று கேட்டார். "அது கெடக்கு பத்து வருஷமா" என்றார் அம்மா. அவர் அப்படியே எழுதிவிட்டார். பாலிசி எடுத்து நாலேகால் வருடம்தான் ஆகிறது. அப்படியானால் பழைய நோயை மறைத்துப் பாலிசி எடுத்தீர்களா என்று காப்பீட்டு நிறுவனம் கேள்வி அனுப்பியது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. அம்மா பத்து வருஷம் என்று சொன்னது வேலை முடிந்து வந்து கால் கடுத்த நாட்களையெல்லாம் சேர்த்து. மூட்டுத் தேய்மானம் என்று முதன்முதலில் கண்டுபிடித்தது 2022-ல். நல்லவேளையாக அந்த எக்ஸ்ரேயும் சீட்டும் பீரோவில் ஒரு மஞ்சப்பையில் கிடந்தன. ஊருக்குப் போய் எடுத்து வந்து, டாக்டரிடம் விளக்கக் கடிதம் வாங்கி அனுப்ப மூன்று நாள் அலைச்சல். பொய் சொல்லச் சொல்லவில்லை. நோயாளியை அழைத்துப் போகும்போது பழைய சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கிக் கையில் வைத்துக்கொண்டு, நீங்களே தேதியோடு பதில் சொல்லுங்கள் என்கிறேன். பாலிசி தொடர்ந்து ஐந்து வருடம் ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய இந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது என்று 2024-ல் விதி வந்திருக்கிறது. எங்களுக்கு அதற்கு இன்னும் ஒன்பது மாதம் இருந்தது.

அட்மிஷனுக்கு மூன்று நாள் முன்பு டாக்டரின் உதவியாளர் போன் செய்தார். "சார் ஃபீஸ் 40,000 தனி மேடம், கிளினிக்ல கேஷா கொடுத்துருங்க" என்றார். பேக்கேஜில் சேராதா என்று கேட்டேன், அது மருத்துவமனைக்கு என்றார். டாக்டர் அந்த மருத்துவமனைக்கு வெளியிலிருந்து வந்து ஆபரேஷன் செய்பவர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். தகராறு செய்தால் அம்மா காலை ஒழுங்காகப் பார்ப்பாரா என்ற பயம். கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். ரசீது கேட்டதற்குச் "அப்புறம் தர்றோம்" என்றார்கள், இன்றுவரை தரவில்லை. பிறகு மருத்துவமனை பில்லைப் பார்த்தால் அதிலும் சர்ஜன் சார்ஜ் என்று ஒரு தொகை இருந்தது. ரசீது இல்லாத பணத்தைக் காப்பீட்டில் கேட்கவே வழியில்லை. சர்ஜன் ஃபீஸ், மயக்க மருந்து டாக்டர் ஃபீஸ் இரண்டும் மருத்துவமனை பில்லுக்குள் வருமா, வெளியே எதுவும் தர வேண்டுமா என்று தேதி வாங்கும் அன்றே கேளுங்கள். தனியாக என்றால் நம்பர் போட்ட ரசீது தருவீர்களா என்பது அடுத்த கேள்வி.

இனி அறை விஷயம். எல்லாவற்றிலும் பெரிய அடி இதில்தான் விழுந்தது. பிப்ரவரி 11 மாலை அட்மிஷன். முன்பணம் 30,000 கட்டினேன். இன்சூரன்ஸ் மேசையில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "உங்க பாலிசில ரூம் வாடகை ஒரு நாளைக்கு 3,000 வரைக்கும்தான். சிங்கிள் ரூம் 4,500. வித்தியாசத்தை நீங்க கட்டிக்கலாம்" என்றாள். ஒரு நாளைக்கு 1,500, ஐந்து நாளைக்கு 7,500. அம்மா நிம்மதியாகப் படுக்கட்டும் என்று சிங்கிள் ரூமுக்குக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு பேர் தங்கும் அறை 2,800 ரூபாய்க்கு அதே மாடியில் காலியாக இருந்தது. அவள் சொல்லாமல் விட்டது இதுதான்: வரம்பைத் தாண்டிய அறையை எடுத்தால், எந்த விகிதத்தில் தாண்டினோமோ அதே விகிதத்தில் சர்ஜன், தியேட்டர், மயக்க மருந்து, நர்சிங் கட்டணங்களையும் குறைத்துத்தான் காப்பீட்டு நிறுவனம் தரும். 4,500-க்கு 3,000 என்றால் மூன்றில் இரண்டு பங்கு. எங்கள் பில்லில் அந்தக் கட்டணங்கள் மட்டும் 1,38,000. மூன்றில் ஒரு பங்கான 46,000 என் தலையில் விழுந்தது. 7,500 என்று நினைத்து எடுத்த அறைக்கு 53,500 கொடுத்திருக்கிறேன். இதைத் தெரிந்துகொண்ட இரவு நான் அழுதேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அது என் நான்கு மாதச் சம்பளம்.

பாலிசி புத்தகத்தில் இந்த விதி இருக்கிறது. காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம் என்று வாடகை வரம்பு போட்டிருந்தால், 3 லட்சத்துக்கு 3,000, 5 லட்சத்துக்கு 5,000. சில பாலிசிகளில் வரம்பே கிடையாது, அவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. எப்படியிருந்தாலும் அட்மிஷன் மேசையில் கேட்க வேண்டிய கேள்வி "என் வரம்புக்குள் எந்த அறை இருக்கிறது?" என்பது. வரம்புக்குள் அறை காலி இல்லை என்றால், அவசரமில்லாத ஆபரேஷனுக்கு இரண்டு நாள் தள்ளிப் போவதுகூட லாபம்.

மறுநாள் காலை நடந்ததை எழுதத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆறேகால் மணிக்கு நர்ஸ் வந்து தியேட்டர் உடையைக் கொடுத்து நகைகளைக் கழற்றச் சொன்னார். அம்மாவின் கழுத்தில் இரண்டு பவுன் செயின் ஒன்று, கொக்கி தளர்ந்துபோனதால் ஒரு ஊக்கு மாட்டியிருப்பார். அந்த ஊக்கைக் கழற்ற முடியாமல் அவர் விரல்கள் தடுமாறின. நான் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். அப்போதுதான் மருத்துவமனை ஆள் ஒருவர் இரண்டு வண்ணக் கையேடுகளோடு உள்ளே வந்தார். பேக்கேஜில் வருவது சாதாரண இம்ப்ளாண்ட், வெளிநாட்டு ஸ்பெஷல் மெட்டல் போட்டால் நீண்ட நாள் உழைக்கும், கூடுதலாக 55,000 ஆகும், பதினொரு மணி ஆபரேஷன், அதற்குள் கட்டினால்தான் பெட்டியை வரவழைக்க முடியும் என்றார். அம்மா கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பெற்றவள் காதுபட விலை குறைந்ததே போதும் என்று எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்? சரி என்றேன். கணக்கில் 11,000தான் இருந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் என் கையில் இருந்த கைக்குட்டையைக் காட்டினார்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு நகைக்கடன் நிறுவனம் ஒன்பதரைக்குத்தான் திறந்தது. உரசிப் பார்த்து, எடை போட்டு, ஆதாரை வாங்கிப் பணம் கையில் வர பத்தே முக்கால். வட்டி நூற்றுக்கு இரண்டு ரூபாய். ஒரு வாரம் முன்பு வங்கியில் வைத்திருந்தால் முக்கால் ரூபாயில் முடிந்திருக்கும். ஊக்கை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள், முந்தானையில் குத்திக்கொண்டு ஓடி வந்தேன். பதினொன்றேகாலுக்கு அறைக்குள் நுழைந்தால் கட்டில் காலி. "பத்தரைக்கே கூட்டிட்டுப் போயிட்டாங்க, உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க" என்றார் நர்ஸ். பணம் கட்டாமலேயே உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள். பதினொரு மணிக்குள் கட்ட வேண்டும் என்று சொன்னது எதற்காக என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அம்மா தியேட்டருக்குப் போகும்போது நான் அங்கே இல்லை. பணம் போனதைவிட அதுதான் எனக்கு வலிக்கிறது.

இம்ப்ளாண்ட் பற்றி பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் மூட்டு இம்ப்ளாண்ட்களுக்கு உச்ச விலை வைத்தது. அதுவரை ஒன்றரை லட்சத்துக்கு மேல் போன கோபால்ட் குரோமியம் முழு மூட்டுக்கு ஜிஎஸ்டி தவிர்த்து 54,720, டைட்டானியம் போன்ற ஸ்பெஷல் மெட்டலுக்கு 76,600 என்று அன்று அறிவித்தார்கள். அதாவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே 22,000 அளவில்தான். என்னிடம் கேட்டது 55,000. பில்லில் இம்ப்ளாண்ட் விலை வரம்புக்குள் 80,000 சொச்சம் என்று சரியாகத்தான் இருந்தது, ஆனால் அதற்குக் கீழே "ஸ்பெஷல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ்" என்று புதிதாக 25,000 ரூபாய்க்கு ஒரு வரி. காப்பீட்டு நிறுவனம் அதை முழுவதுமாகத் தள்ளிவிட்டது. எந்த இம்ப்ளாண்ட் என்பதை ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அம்மா வயதுக்கு, எடைக்கு இது போதுமா என்று அவர் வாயால் கேட்டு, பிராண்ட் பெயரோடு எழுதி வாங்குங்கள். ஆபரேஷன் முடிந்ததும் இம்ப்ளாண்ட் பெட்டியின் ஸ்டிக்கர்களில் ஒரு செட் கேட்டு டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டி வாங்கிக்கொள்ளுங்கள். பில்லில் உள்ளதும் உள்ளே வைத்ததும் ஒன்றுதானா என்று சரிபார்க்க அது ஒன்றுதான் ஆதாரம்.

டிஸ்சார்ஜ் அன்று காலை ஒன்பதரைக்கு டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்றார். நாங்கள் கிளம்பியது இரவு எட்டரைக்கு. இன்சூரன்ஸிலிருந்து வரவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். டிஸ்சார்ஜ் கோரிக்கை போய்ச் சேர்ந்த மூன்று மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் பதில் தர வேண்டும் என்று 2024 மே மாதத்திலிருந்து விதி இருக்கிறது. நான் நிறுவனத்துக்கே போன் போட்டுக் கேட்டபோதுதான், மருத்துவமனை பில்லை அனுப்பியதே மாலை ஐந்தரைக்கு என்று தெரிந்தது. அதனால் அங்கே உட்கார்ந்து காத்திருக்காமல், "பில்லை எத்தனை மணிக்கு அனுப்பினீர்கள்?" என்று கேளுங்கள்.

மொத்த பில் 3,22,000. காப்பீடு தந்தது 2,16,500. அறை வித்தியாசம் 7,500, விகிதக் கழிவு 46,000, இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 25,000, கையுறை, வாக்கர், அட்மிஷன் கிட் என்று எந்தப் பாலிசியும் சாதாரணமாகத் தராத சாமான்கள் 16,500. இவை போக 10,500 கணக்கில் உதைத்தது. வீட்டுக்கு வந்து பாலிசி புத்தகத்தை வரிவரியாகப் படித்தேன். மருந்து, இம்ப்ளாண்ட், பரிசோதனை ஆகியவற்றில் விகிதக் கழிவு செய்யக் கூடாது என்று அதிலேயே போட்டிருந்தது. எங்களுக்கு மருந்துக் கணக்கிலும் மூன்றில் ஒரு பங்கைக் கழித்திருந்தார்கள். பக்க எண்ணைக் குறிப்பிட்டு குறைதீர்ப்புப் பிரிவுக்கு மெயில் அனுப்பினேன். ஆறு வாரத்தில் 10,500 கணக்கில் ஏறியது. மறுத்திருந்தாலோ ஒரு மாதத்தில் பதில் வராமல் இருந்தாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போயிருப்பேன், அங்கே புகார் கொடுக்கக் கட்டணமும் வக்கீலும் தேவையில்லை. எதை எதற்காகக் கழித்தார்கள் என்று காப்பீட்டு நிறுவனம் தரும் தாளைப் படிக்காமல் மடித்து வைத்துவிடாதீர்கள்.

மே மாதம் செயினை மீட்டேன், வட்டி மட்டும் 3,300.

இடது காலுக்கு 2026 ஜனவரியில் தேதி வாங்கியிருக்கிறோம். முதல் காலுக்குப் போக பாலிசியில் மிச்சம் 70,000-க்கும் குறைவாக இருந்ததால், நவம்பரில் புதுப்பித்து முழுத் தொகையும் திரும்ப வரட்டும் என்று காத்திருந்தோம். இந்த முறை வேறு மருத்துவமனை. அறை, சர்ஜன், மயக்க மருந்து, தியேட்டர், இம்ப்ளாண்ட் பெயர், மருந்து என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எவ்வளவு என்று எழுதித் தரக் கேட்டேன். இரண்டு இடங்களில் தர மறுத்தார்கள், மூன்றாவது இடத்தில் சீல் வைத்துக் கொடுத்தார்கள். அங்கேதான் போகிறோம். இருவர் அறை 2,900. என் பங்காக வரக்கூடிய 30,000-ஐத் தனிக் கணக்கில் போட்டு வைத்திருக்கிறேன். அன்று காலை ஆறு மணியிலிருந்து தியேட்டர் கதவுவரை கூடவே இருப்பேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.